பீட் பம்பின் உயிர் இருப்பது உறிஞ்சும் பக்கத்தில்

பொயிலருக்குத் தண்ணீர் போதாமல் போனால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அதற்குத் தண்ணீர் ஊட்டும் பீட் பம்பின் வெளியேறும் பக்கத்து அமுக்கமானிக்குத்தான். வழமையாக 53 பார் காட்டுவது 45இல் நின்று ஆடுகிறது. இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்துவிட்டது, பம்பைக் கழற்று என்று உடனே முடிவாகிவிடும். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் அரித்துப்போய்த்தான் இருக்கும். அதனால் முடிவு சரி என்றே படும். புதிதைப் போட்டு ஓட்டினால் சில மாதங்களில் மறுபடியும் அதே சத்தம், அதே ஆட்டம். பம்பின் மேல் குற்றமில்லை. அதற்குள் தண்ணீர் வந்து சேரும் விதம் பிழை. உயர் அமுக்கப் பம்ப் சாவது பெரும்பாலும் அமுக்கம் குறைந்த பக்கத்தில்தான். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியது.

வெளிநாடுகளின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில சொந்த நீராவி மின்நிலையம் வைத்திருக்கின்றன. ஒஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1929 முதல் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கி வருகிறது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் இணை உற்பத்தி நிலையம் 1995இல் தொடங்கியது. இத்தகைய நிலையங்களில் மின்சாரம் எடுத்த பின் மிஞ்சும் வெப்பமும் நீராவியும் வீணாவதில்லை. கட்டடங்களைச் சூடாக்குவதற்கும், ஆய்வுகூடக் கருவிகளைக் கிருமிநீக்கும் ஓட்டோகிளேவ்களுக்கும், கோடையில் உறிஞ்சல் முறைக் குளிரூட்டிகளுக்கும் அவை போகின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நமது கோணேசபுரி வளாகத்துக்கு இந்த வெயிலில் சூடேற்றம் தேவையில்லை. ஆனால் நீராவி திருகோணமலைக்குப் புதிதல்ல. துறைமுகக் கரையில் சீமெந்துத் தொழிற்சாலையின் உயிர்த்திணிவு மின்நிலையம் விறகில் ஓடுகிறது. தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியாப் பக்கத்து அரிசி ஆலைகளில் உமி எரித்து நெல் அவிக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் பொயிலர் இயக்குநர்களாக வேலை செய்யும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 42 பார் பொயிலரின் பம்புக்கும் அரிசி ஆலையின் 8 பார் பொயிலரின் பம்புக்கும் பௌதிகம் ஒன்றுதான். பெரியதை விளங்கிக்கொண்டால் சின்னதில் பாதி வேலை முடிந்தது.

முதலில் கணக்கு. மணிக்கு 20 தொன் நீராவி தரும், ட்ரம்மில் (நீரும் நீராவியும் பிரியும் உருளைக் கலத்தில்) 42 பார் அமுக்கத்தில் ஓடும் ஒரு வளாகப் பொயிலரை எடுத்துக்கொள்வோம். பம்ப் தரவேண்டிய அமுக்கம் 42 அல்ல. பாதுகாப்பு வால்வுகளில் மிக உயர்வாக அமைக்கப்பட்டது 46 பாரில் திறக்கிறது என்றால், அதற்கும் 3 சதவீதம் மேலே தண்ணீரைத் தள்ளக்கூடியதாக ஊட்டும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்று அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் பொயிலர் விதி கேட்கிறது. அது 47.4 பார். கட்டுப்பாட்டு வால்வில் 3 பார், புகைவாயுவின் சூட்டில் தண்ணீரைச் சூடாக்கும் எகனொமைசரில் 1.5, குழாயில் அரை பார், 15 மீற்றர் உயரத்தில் இருக்கும் ட்ரம்முக்கு ஏற்ற 1.4 பார் சேர்த்து, டீஏரேட்டரில் (தண்ணீரைச் சூடாக்கி ஒட்சிசனை நீக்கும் தொட்டியில்) ஏற்கனவே இருக்கும் 0.2 பாரைக் கழித்தால் சுமார் 53.6 பார் வருகிறது. 105 பாகைத் தண்ணீரின் அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 955 கிலோ. ஆகவே இது 572 மீற்றர் உயரத் தலை, அதாவது அவ்வளவு உயர நீர்நிரல் தரும் அமுக்கம். புளோடவுண் (பொயிலரிலிருந்து கசடு நீரை வெளியே விடுதல்), தேய்மானம் ஆகியவற்றுக்கு இடம் விட்டு மணிக்கு 24 தொன், அதாவது 25 கனமீற்றர் என்று எடுத்தால் தண்ணீருக்குச் சேரவேண்டிய வலு 37 கிலோவாற்று. பம்பின் திறன் 60 சதவீதம் என்றால் சாஃப்டில் 62 கிலோவாற்று. 75 கிலோவாற்று மோட்டர் பொருந்தும். நிமிடத்துக்கு 2950 சுற்றில் ஓடும் ஒரு இம்பெல்லர் 50 முதல் 60 மீற்றர் வரை தரும் என்பதால் ஒரே சாஃப்டில் பத்துப் பன்னிரண்டு இம்பெல்லர்களை வரிசையாகக் கோர்த்த பல்படிப் பம்ப் இது.

இந்த இடத்தில் கொள்வனவுப் பிரிவில் யாராவது ஒருவர் “கொஞ்சம் பெரிசா எடுத்தா பாதுகாப்புத்தானே” என்பார். இல்லை. 80 பார் பம்பை வாங்கிப் பூட்டினால் மிஞ்சும் 26 பாரைக் கட்டுப்பாட்டு வால்வு தின்னவேண்டும். அதன் இருக்கை அரிக்கும், மின்கட்டணம் ஏறும். ஓட்டத்தில் பெரிசாக எடுத்தால் இன்னும் மோசம்: பம்ப் தன் தலை–ஓட்ட வளைகோட்டின் (ஓட்டத்துக்கேற்பத் தலை மாறுவதைக் காட்டும் கோட்டின்) இடது ஓரத்தில், குறைந்த ஓட்டத்திலேயே காலம் தள்ளும். அங்கே அதற்கு என்ன நடக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வாங்கும்போது தலை–ஓட்ட வளைகோட்டையும் கேட்டு வாங்குங்கள். ஓட்டம் பூச்சியத்தை நெருங்கும்வரை அது விடாமல் ஏறவேண்டும். நடுவில் தட்டையாகவோ இடது ஓரத்தில் தாழ்ந்தோ இருந்தால், இரண்டு பம்புகளைச் சமாந்தரமாக ஓட்டும்போது ஒன்று முழுத் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும். மற்றது சும்மா சுற்றிச் சூடேறும்.

தண்ணீர் எங்கே கொதிக்கிறது

பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. இம்பெல்லரின் கண்ணில் அமுக்கம் குறைகிறது. பின்னால் இருக்கும் அமுக்கம் தண்ணீரை அந்த இடத்துக்குள் தள்ளுகிறது. அங்கே அமுக்கம் அந்த வெப்பநிலைக்குரிய ஆவி அமுக்கத்துக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் கொதித்துக் குமிழி கட்டும். அந்தக் குமிழிகள் இம்பெல்லருக்குள் அமுக்கம் கூடிய இடத்துக்குப் போனதும் உடைந்து, உலோகத்தைப் பொடிப்பொடியாகப் பெயர்க்கும். இதுதான் கேவிட்டேஷன். அப்போது பம்புக்குள் சரளைக்கல் உருளுவது போலச் சத்தம் கேட்கும். குமிழி கட்டாமல் இருக்க எவ்வளவு தலை கையில் இருக்கிறது என்பதே என்.பி.எஸ்.எச். பம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதை உற்பத்தியாளர் தருவார். நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை நாம்தான் கணக்கிடவேண்டும்.

கடல் மட்டத்தில் இருக்கும் திருகோணமலையில் வளிமண்டல அமுக்கம் சுமார் 1.013 பார். மூடாத பீட் தொட்டியில் 30 பாகைத் தண்ணீர் இருந்தால், தொட்டியின் உயரத்தைச் சேர்க்காமலே வளிமண்டலம் மட்டும் தரும் தலை ஏறத்தாழ 9.9 மீற்றர். 80 பாகையில் அது 5.6 மீற்றர். 85இல் 4.6. 90இல் 3.3. 95 பாகையில் வெறும் 1.8 மீற்றர். கடைசிப் பத்துப் பாகையில் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பாருங்கள். இதே தொட்டியையும் பம்பையும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 0.81 பார், 90 பாகைத் தண்ணீருக்கு மிஞ்சுவது 1.1 மீற்றர் சொச்சம்தான். நம் ஊரில் ஓடுகிறதே என்று அதே வரைபடத்தை மலைநாட்டுக்கு அனுப்பக்கூடாது.

அரிசி ஆலைக்காரருக்கு இந்த எண்கள் நேரடியாகப் பணம். பீட் தண்ணீர் 6 பாகை கூடினால் எரிபொருளில் ஏறத்தாழ ஒரு சதவீதம் மிச்சம் என்பதால் கொண்டன்சேட்டை (நீராவி ஆறி மாறிய சூடான நீரை) திரும்பத் தொட்டிக்கே விடுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் தொட்டி 95 பாகைக்குப் போனதும் பம்ப் கத்தத் தொடங்கும், அமுக்கம் துள்ளும். உடனே ஒருவர் குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிடுவார், அல்லது கொண்டன்சேட்டைக் காணுக்குள் திருப்பிவிடுவார். மிச்சம் பிடித்த உமி அத்தோடு போய்விட்டது. மணிக்கு 2 தொன் பொயிலரின் சின்ன நிலைக்குத்துப் பல்படிப் பம்புக்கு 2.2 கிலோவாற்று மோட்டர் போதும். அதற்கு வேண்டிய என்.பி.எஸ்.எச். 2 மீற்றர் என்று வைப்போம். குழாய் உராய்வுக்கு 0.5, பாதுகாப்பு இடைவெளிக்கு 0.6 மீற்றர். மொத்தம் 3.1. வளிமண்டலம் 1.8 தருகிறது. மிச்சம் 1.3 மீற்றரைத் தொட்டியின் உயரம் தரவேண்டும். தொட்டியின் மிகக் குறைந்த நீர்மட்டம் பம்பின் மையத்திலிருந்து ஒன்றரை மீற்றர் மேலே இருந்தால் போதும். நான்கு இரும்புத் தூண், ஒரு மேடை, கொஞ்ச வெல்டிங். பம்பை மாற்றுவதைவிட இது மலிவு. தொட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பம்பைக் குறைசொல்வது நியாயமில்லை.

பெரிய நிலையத்தில் கதை வேறு. டீஏரேட்டருக்குள் தண்ணீர் தன் கொதிநிலையிலேயே இருக்கிறது: 1.2 பார் தனியமுக்கத்தில் (வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்து) 105 பாகை. மேலே இருக்கும் அமுக்கமும் ஆவி அமுக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் கையில் மிஞ்சுவது உயரம் மட்டுமே. அதனால்தான் டீஏரேட்டரை இரண்டாம் மூன்றாம் மாடியில் ஏற்றி வைக்கிறார்கள். கட்டடக்காரர் செலவைக் காட்டிக் கீழே இறக்கச் சொன்னால் இடங்கொடுக்க வேண்டாம். 7 மீற்றர் உயரத்தில் உராய்வு 0.5 போனால் 6.5. பம்பு 4 கேட்கிறது. 2.5 மீற்றர் மிச்சம் என்று தாளில் நிம்மதியாக இருக்கும். பிறகு ஒரு நாள் டர்பைன் ட்ரிப் ஆகித் திடீரென நிற்கிறது, அல்லது இழப்பை ஈடுசெய்யும் 30 பாகை மேக்கப் தண்ணீர் ஒரேயடியாக உள்ளே பாய்கிறது. டீஏரேட்டரின் அமுக்கம் 1.05 பாருக்கு இறங்குகிறது. தொட்டிக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொதித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் கீழிறங்கும் குழாயில் இருக்கும் தண்ணீர் இன்னும் பழைய 105 பாகையிலேயே பம்பை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 0.15 பார் குறைந்தது 1.6 மீற்றர் தலைக்குச் சமம். மிச்சம் 0.9 மீற்றர்தான். உறிஞ்சுகுழாயில் கசடு பிடிக்கும் ஸ்ட்ரெய்னர் வலை கொஞ்சம் அடைத்திருந்தால் அதுவும் இல்லை.

125 மில்லிமீற்றர் உள்விட்டமும் 20 மீற்றர் நீளமும் உள்ள உறிஞ்சுகுழாயில் சுமார் 245 லீற்றர் நிற்கும். வினாடிக்கு 7 லீற்றர் ஓட்டத்தில் அது காலியாக 35 வினாடி. அந்த 35 வினாடிதான் ஆபத்தான நேரம். உராய்வைக் குறைக்கக் குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினாலோ, மாடியில் கிடையாக நீட்டி இழுத்தாலோ இந்த நேரம் கூடும். பம்புக்கு நேர்மேலே டீஏரேட்டர், நேராக இறங்கும் குழாய், வேகம் வினாடிக்கு 1 மீற்றர் அளவில்: இதற்கு மேல் அழகு வேண்டாம். மேக்கப் வால்வு திற–மூடு வகையாக இல்லாமல், மட்டத்துக்கேற்பப் படிப்படியாகத் திறப்பதாக இருக்கவேண்டும். பாதிப் பம்புகளைக் காப்பாற்ற இது ஒன்றே போதும் என்பது என் கருத்து.

ஸ்ட்ரெய்னரைப் பற்றியும் ஒரு சொல். நிலையத்தைத் தொடங்கும்போது வெல்டிங் கசடுக்காகப் போடும் நுண்வலையை எடுக்க மறந்துவிடுவது உலகம் முழுக்க நடப்பது. இந்த வெப்பநிலையில் 0.1 பார் இழப்பு என்றால் ஒரு மீற்றருக்கு மேல் போய்விட்டது. ஆனால் உறிஞ்சு பக்கத்தில் 0–10 பார் கேஜ் பூட்டியிருந்தால் முள் அசைந்ததே தெரியாது. அங்கே வேண்டியது −1 முதல் +3 பார் வரை காட்டும் கூட்டு அமுக்கமானி. ஸ்ட்ரெய்னருக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்துக்குத் தனியாக 0–0.6 பார். வித்தியாசம் 0.1ஐத் தாண்டினால் காத்திருப்புப் பம்புக்கு மாறிச் சுத்தம் செய்யுங்கள். கிடையாக வரும் குழாயைப் பம்பு வாயில் ஒடுக்கும்போது மையம் விலகிய ஒடுக்கியைத் தட்டைப்பக்கம் மேலே வருமாறு பூட்டவேண்டும். தலைகீழாகப் பூட்டினால் மேலே ஆவி தங்கும். வாயிலிருந்து குறைந்தது ஐந்து விட்ட நீளமாவது வளைவில்லாத நேர்குழாய் வேண்டும். தொட்டியின் வெளிவாயில் சுழி உடைக்கும் தகடு இருக்கிறதா என்று தொட்டியைத் திறக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள், துருப்பிடித்து விழுந்திருக்கக்கூடும்.

கழற்றிய இம்பெல்லர் சொல்வது

கழற்றினால், பழைய இம்பெல்லரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கமுன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முதலாம் படி மட்டும் அரித்து, மற்றவை புதிது போல இருந்தால் பிழை உறிஞ்சு பக்கத்தில். இதழின் நுழைவோரத்துக்குச் சற்றுப் பின்னால், குறைந்த அமுக்க முகத்தில், கடற்பஞ்சு மாதிரிப் பொத்தல்கள் இருந்தால் அது என்.பி.எஸ்.எச். போதாமை. அதே நுழைவோரத்தில், ஆனால் இதழின் மறுமுகத்தில், நேராகப் பார்த்தால் தெரியாமல் சின்னக் கண்ணாடி வைத்துத்தான் பார்க்கவேண்டிய பக்கத்தில் அரிப்பு இருந்தால், அது உறிஞ்சு வாயிலேயே தண்ணீர் திரும்பிச் சுழன்றதன் அடையாளம். பம்ப் குறைந்த ஓட்டத்தில் நெடுநேரம் ஓடியிருக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. முதலாவதற்குத் தொட்டியை உயர்த்தலாம். இரண்டாவதற்கு அதனால் பயன் குறைவு.

எல்லாப் படிகளும் ஒரே அளவில், பொத்தல் இல்லாமல் அலையலையாக மெலிந்திருந்தால் தண்ணீரின் இரசாயனத்தைப் பாருங்கள். பி.எச். குறைந்த சூடான மென்னீர் வார்ப்பிரும்பையும் சாதாரண உருக்கையும் ஓடிக்கொண்டே கரைக்கும். பீட் தண்ணீரின் பி.எச். 8.5 முதல் 9.5 வரை நிற்கவேண்டும். இம்பெல்லர் 13 சதவீதக் குரோமியம் உருக்காக இருப்பது நல்லது. ஒட்சிசனும் இங்கேதான் வருகிறது. 30 பாகைத் தண்ணீரில் பத்து இலட்சத்துக்கு ஏழரைப் பங்கு ஒட்சிசன் கரைந்திருக்கும். 80 பாகையில் சுமார் 3. நல்ல டீஏரேட்டர் அதை 0.007க்கு இறக்கும். டீஏரேட்டர் இல்லாத அரிசி ஆலையில் மிச்சத்தைச் சோடியம் சல்பைற்றுத்தான் பிடிக்கவேண்டும். ஒரு பங்கு ஒட்சிசனுக்கு எட்டுப் பங்கு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் மருந்துச் செலவு இரண்டரை மடங்கு ஆகிறது. தொட்டியைச் சூடாக வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

குறைந்த ஓட்டம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். வெளிவால்வை மூடியபடி நமது 75 கிலோவாற்றுப் பம்பை ஓட்டினால் ஏறத்தாழ 30 கிலோவாற்று முழுதும் உள்ளே அடைபட்ட தண்ணீரைச் சூடாக்கப் போகிறது. உள்ளே 20 கிலோ தண்ணீர் இருந்தால் மூன்று வினாடிக்கு ஒரு பாகை வீதம் ஏறும். 105இல் தொடங்கிய தண்ணீர் உறிஞ்சு வாயின் அமுக்கத்தில் சுமார் 118 பாகையில் கொதிக்கும். அதாவது நாற்பது வினாடிக்குள் பம்புக்குள் ஆவி. ஆவியில் சுழலும் பல்படிப் பம்பின் நுண்ணிய இடைவெளிகளை நனைக்கத் தண்ணீர் இல்லை. உலோகம் உலோகத்தில் உரசி, சாஃப்ட் பிடித்துக்கொள்ளும். வால்வைத் திறக்க மறந்து தேநீர் குடிக்கப் போனால் திரும்பி வரும்போது பம்பு இருக்காது.

இதற்காகத்தான் குறைந்தபட்ச ஓட்டக் குழாய். ஓட்டம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போனதும் தானியங்கி மீள்சுற்று வால்வு திறந்து தண்ணீரை டீஏரேட்டருக்கே திருப்பி அனுப்பும். உறிஞ்சுகுழாய்க்குத் திருப்பக்கூடாது, அப்படிச் செய்தால் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடேறும். சின்னப் பம்புகளில் எப்போதும் திறந்திருக்கும் ஒரிஃபிஸ் தட்டு (சிறு துளையுள்ள தட்டு) போதும். இந்தக் குழாயில் கையால் மூடும் வால்வு இருந்தால் அதைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டிவையுங்கள். மீள்சுற்று வால்வு வேலை செய்கிறதா என்று அறிய எளிய வழி, முழு ஓட்டத்தில் அதன் பின்குழாயைத் தொடுகை வெப்பமானியால் அளப்பது. சூடாக இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை. காசு கொடுத்து ஏற்றிய அமுக்கம் வீணாகத் திரும்பி ஓடுகிறது.

பல்படிப் பம்பில் இம்பெல்லர்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருப்பதால் சாஃப்டை உறிஞ்சு பக்கம் தள்ளும் விசை பெரியது. கடைசிப் படிக்குப் பின்னால் இருக்கும் சமநிலை உருளை அதைத் தாங்குகிறது. அதைத் தாண்டிக் கசியும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியே டீஏரேட்டருக்கு அல்லது உறிஞ்சு பக்கத்துக்குத் திரும்புகிறது. அந்தக் குழாயில் ஒரு கேஜ் பூட்டுங்கள். புதிய பம்பில் உறிஞ்சு அமுக்கத்தைவிட ஒரு பாருக்குள் கூடுதலாகக் காட்டும். மாதாமாதம் அது ஏறிக்கொண்டே போனால் உருளை தேய்கிறது, கசிவு கூடுகிறது. பம்பைத் திறக்காமலே உள்ளே பார்க்க இதைவிட நல்ல ஜன்னல் கிடையாது. யாராவது அந்தக் குழாயை அடைத்துவிட்டால் தள்ளுவிசை முழுதும் சாஃப்டை முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பெயாரிங்கின் தலையில்.

சாஃப்ட் வெளிவரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் சீல் விடயத்தில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. 105 பாகைத் தண்ணீர் மெக்கானிக்கல் சீலின் இரு முகங்களுக்கிடையில் ஆவியாகிவிட்டால் முகங்கள் உலர்ந்து வெடிக்கும். அதனால் சீல் அறைத் தண்ணீரை ஒரு சின்னக் குளிரூட்டி வழியாகச் சுற்றவிட்டு 70 பாகைக்குக் கீழே வைக்கிறார்கள். அந்தக் குளிரூட்டிக்குக் கிணற்றுத் தண்ணீரை விட்டால் சுண்ணாம்பு படியும். நிலாவெளி, உப்புவெளிக் கரையோரமென்றால் உப்பும் சேரும். குளிர்நீர் போய்க்கொண்டுதான் இருக்கும், ஆனால் வெப்பம் கைமாறாது. சீல் ஒவ்வொன்றாகப் போகும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரோ மென்மையாக்கிய தண்ணீரோ விடுவது நல்லது. குளிர்நீர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைக் குறித்துவாருங்கள். ஓட்டம் மாறாமலே வித்தியாசம் குறைந்துகொண்டு வந்தால் உள்ளே படிவு. சீலுக்குப் பதிலாகக் கிளான்ட் பெக்கிங் (சாஃப்டைச் சுற்றி இறுக்கும் கயிற்று அடைப்பு) போட்ட பழைய பம்பென்றால் நிமிடத்துக்கு 40 முதல் 60 துளி ஒழுகத்தான் வேண்டும். ஒழுக்கைக் கண்டு இறுக்குவோர் சாஃப்ட் உறையை எரிக்கிறார்கள்.

வாடைக் காலத்தில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மோட்டரின் இணைப்புப் பெட்டிக்குள் பச்சை பூக்கவைக்கும். நிற்கும் மோட்டரை உலர்வாக வைக்கும் சூடேற்றி (ஹீற்றர்) இருந்தால் அதை இயக்கத்தில் வையுங்கள். பெயாரிங் எண்ணெய் பால்போல வெளுத்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. கச்சான் வீசும் மாதங்களில் பம்ப் அறை 40 பாகையைத் தொடும். சாதாரண மோட்டர்கள் 40 பாகைச் சூழலுக்கே கணக்கிடப்பட்டவை என்பதால் அறைக்குக் காற்றோட்டம் அவசியம்.

பம்பு, மோட்டர் சாஃப்டுகளை ஒரே நேர்கோட்டில் வைக்கும் சீரமைப்பைக் குளிரில் பார்த்து முடித்துவிடக்கூடாது. பாதத்தில் நிற்கும் பம்பின் மைய உயரம் 250 மில்லிமீற்றர், சூடேற்றம் 75 பாகை என்றால் உருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் உயரும். அதனால் குளிரில் பம்பை அவ்வளவு தாழ்த்தி வைத்து, சூடானபின் நிறுத்தி டயல் கேஜ் போட்டு மறுபடி பாருங்கள். மையத்தில் தாங்கிய பம்புக்கு இந்தத் திருத்தம் மிகச் சிறிது. காத்திருப்புப் பம்பைச் சூடேற்றும் சிறுகுழாய் வழியே எப்போதும் சூடாக வைத்திருக்கவேண்டும். உறையின் மேலும் கீழும் 25 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது வளைந்திருக்கிறது. அப்போது ஸ்டார்ட் போடவேண்டாம். அதன் சாஃப்ட் மெல்லப் பின்னோக்கிச் சுற்றுவதைக் கண்டால் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் நொன்-ரிட்டேர்ன் வால்வு கசிகிறது. அந்த நிலையில் பொத்தானை அமுக்கினால் சாஃப்ட் முறியும்.

மின்சாரம் போனால்

முதலில் கணக்கிட்ட 20 தொன் பொயிலரின் ட்ரம் 1.2 மீற்றர் விட்டம், 5 மீற்றர் நீளம் என்று கொண்டால், வழமையான மட்டத்திலிருந்து 200 மில்லிமீற்றர் இறங்க ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைந்த தண்ணீர்தான் இடையில் இருக்கிறது. முழு எரிப்பில் மூன்று நிமிடத்துக்குள் அது போய்விடும். வாயு எரிக்கும் பொயிலரில் வால்வை மூடினால் நெருப்பு அணைந்தது. விறகிலும் உமியிலும் அப்படியல்ல. மின்விசிறி நின்றபிறகும் தட்டில் கிடக்கும் தணல் சூடு தந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சுமார் 47 சதுர மீற்றருக்கு மேல் வெப்பப் பரப்புள்ள பொயிலருக்கு இரண்டு ஊட்டும் வழிகள் வேண்டும் என்றும், இப்படிச் சூடு நிற்காத பொயிலரில் முதல் வழியை நிறுத்தும் அதே தடங்கல் இரண்டாவதை நிறுத்தக்கூடாது என்றும் அந்த அமெரிக்க விதி சொல்கிறது. ஒரே மின்பலகையில் இரண்டு மோட்டர் பம்புகளைப் பூட்டிவிட்டு இரண்டு வழி இருக்கிறது என்று சொல்லமுடியாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்தபோது இந்த விதியின் பெறுமதி தெரிந்திருக்கும்.

பல வளாக நிலையங்கள் இதற்காகவே ஒரு பம்பை நீராவி டர்பைனில் ஓட்டுகின்றன. பொயிலரில் மிஞ்சிய நீராவியே அதற்குத் தண்ணீர் ஊட்டும். டர்பைனின் கழிவு நீராவி டீஏரேட்டரைச் சூடாக்கும். ஆனால் அந்த டர்பைனை வாரத்துக்கு ஒருமுறையாவது உண்மையாக ஓட்டவேண்டும். நிற்கும் டர்பைனுக்குள் கொண்டன்சேட் தேங்கும். உறையின் வடிகாலைத் திறந்து தண்ணீரை விட்டு, மெதுவாகச் சூடாக்கி, அதிவேகத் துண்டிப்பு வேலை செய்கிறதா என்று அட்டவணைப்படி சோதியுங்கள்.

அரிசி ஆலைக்கு டர்பைன் வேண்டியதில்லை. டீசல் இயந்திரப் பம்போ ஒரு நீராவி இன்ஜெக்டரோ (நீராவித் தாரையின் வேகத்தால் தண்ணீரைத் தள்ளும் கருவி) போதும். இன்ஜெக்டரில் அசையும் பாகம் கிடையாது, மின்சாரம் கேட்காது. ஒரே நிபந்தனை, அதற்குக் கொடுக்கும் தண்ணீர் 40 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும். சூடான பீட் தொட்டியிலிருந்து இழுத்தால் அது பிடிக்காது. ஆகவே நிழலில் ஒரு தனிச் சின்னத் தொட்டி, அதிலிருந்து தனிக் குழாய். வெயிலில் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மத்தியானத்தில் 40ஐத் தாண்டிவிடும். எல்லாம் இருந்தும் தண்ணீர்க் கண்ணாடியில் மட்டம் தெரியாமல் போய்விட்டதென்றால், எந்தப் பம்பையும் தொடவேண்டாம். நெருப்பை இழுத்து வெளியே போடுங்கள், காற்று வழிகளை மூடுங்கள், ஆட்களை விலக்குங்கள். சிவக்கக் காய்ந்த குழாயில் தண்ணீர் பட்டால் பொயிலர் வெடிக்கும். அது தானாக ஆறி, உள்ளே பரிசோதித்த பிறகுதான் மறுபடி தண்ணீர்.